தலைகீழ் அறை

அன்பு நண்பனுக்கு,

உன் கடிதம் சென்ற வாரம் கிடைத்தது. மகளுக்கு வேலை உறுதியான செய்தியைப் படித்து வீட்டில் எல்லோரும் மகிழ்ந்தோம். எனக்கு வலது கண்ணில் புரை நீக்கி இருபது நாள் ஆகிறது. படிக்கலாம் என்று மருத்துவர் சொன்னதும் முதலில் கையிலெடுத்தது நம் பழைய ஸ்பைடர்மேன் படக்கதை இதழ்களைத்தான். அவற்றில் வரும் வில்லன் மிஸ்டீரியோ எந்தச் சக்தியும் இல்லாத வெறும் ஏமாற்றுக்காரன் என்று நீ எழுதியிருந்தது மனத்தை உறுத்திக்கொண்டே இருந்தது. சக்தி ஏதும் இல்லாதவன் என்பதாலேயே எனக்கு அவன்மீது இத்தனை ஈடுபாடு.

1964 ஜூன் மாத 13ஆம் இதழில் எழுத்தாளர் ஸ்டான் லீயும் ஓவியர் ஸ்டீவ் டிட்கோவும் அவனை அறிமுகப்படுத்தியது உனக்கு நினைவிருக்கும். படப்பிடிப்புத் தளங்களில் டூப் போட்டும் தந்திரக் காட்சிகள் அமைத்தும் பிழைத்த க்வென்டின் பெக் என்பதுதான் மிஸ்டீரியோவின் இயற்பெயர். அவன் புகையையும், வலையைக் கரைக்கும் ரசாயனத்தையும், சுருள்வில் பொருத்திய காலணியையும் மட்டுமே நம்பி, ஸ்பைடர்மேனைப் போல் வேடமிட்டுத் திருடி, பழியை அவன்மேல் போட்டான். அத்தனையும் தொழிலில் பழகிய கைவேலை.

ஆனால் அவனுடைய உச்சம் 1965இல் வந்த 24ஆம் இதழ் என்பேன். அதில் அவன் வழக்கமாகத் தலையில் அணியும் கண்ணாடிக் கவசமும் இல்லை, புகையும் இல்லை. ரைன்ஹார்ட் என்ற மனநல மருத்துவராக நாற்காலியில் அமர்ந்து, பழைய எதிரிகள் திடீரென்று தோன்றி மறைவதைக் கண்டு கலங்கிய ஸ்பைடர்மேனிடம், உன் புத்தி பேதலிக்கிறது என்று அன்பாகச் சொல்கிறான். மேசையும் நாற்காலியும் கூரையில் தொங்கும் ஓர் அறைக்குள் நுழைந்ததும், தான் தலைகீழாக நிற்கிறோமோ என்று அந்த இளைஞன் நடுங்குகிறான். தளவாடங்களைக் கூரையில் முடுக்கிய எளிய வேலைதான் அது. ஆயினும் தன் கண்ணைச் சந்தேகிக்கத் தொடங்கியவனுக்கு அதுவே போதுமானதாக இருக்கிறது. அவன் தன் ரகசியங்களையெல்லாம் கொட்டிவிடும் தறுவாயில், அவனை அறவே வெறுக்கும் பத்திரிகை முதலாளி ஜேம்சன் கதவைத் திறந்துகொண்டு வந்து, தன்னையறியாமல் அவனைக் காப்பாற்றிவிடுவதை இப்போது படித்தபோதும் நெஞ்சு படபடத்தது.

டேர்டெவில் என்ற பார்வையற்ற நாயகனின் இதழ்களில் 1998இல் தொடங்கிய, மிஸ்டீரியோ வரும் கதையை நீ படித்திருக்கமாட்டாய் என்று நினைக்கிறேன். ஆண்டுக்கணக்கில் கையாண்ட ரசாயனங்களே நோயாகி, சாவை எதிர்நோக்கும் பெக், தன் கடைசி ஆட்டத்துக்குத் தேர்ந்தெடுப்பது அந்தப் பார்வையற்றவனை. கண்கட்டு வித்தைக்காரன் கண்ணில்லாதவனைத் தேடிப் போகிறான்! பொய்த் தோற்றங்கள் அங்கே செல்லாது என்பதால், மனத்தைத் திரிக்கும் மருந்தைக் கொடுத்தும், ஒரு கைக்குழந்தையைத் தீமையின் வடிவமென்று நம்பவைக்கப் பார்த்தும் அவனை வதைக்கிறான். அந்தக் கொடுமையை நான் நியாயப்படுத்தவில்லை. இறுதியில் தன் திட்டத்தில் புதுமையே இல்லை என்று டேர்டெவில் சொல்லக் கேட்டு, அவன் தன்னையே சுட்டுக்கொள்கிறான். வாழ்நாள் முழுவதும் பார்வையாளரின் வியப்புக்கு ஏங்கிய கலைஞனை அந்த ஒரு சொல்தான் வீழ்த்தியது என்று எனக்குத் தோன்றியது.

2019இல் வந்த ஸ்பைடர்மேன் திரைப்படத்தில் மிஸ்டீரியோவுக்குப் புகைக்குப் பதிலாக ட்ரோன்களை வைத்ததை நீ குறைகூறியிருந்தாய். அதை நான் குறையென்று கருதவில்லை. கருவிகள் காலத்துக்கேற்ப மாறினாலும் வேலை பழைய வேலைதானே.

24ஆம் இதழை இத்துடன் அனுப்பியிருக்கிறேன். தாள் பழுத்துவிட்டது, கவனமாகப் புரட்டு. அந்த அறை வரும் பக்கத்தில் சற்று நின்று பார்த்துவிட்டு, இன்னும் அவனை வெறும் ஏமாற்றுக்காரன் என்றுதான் எண்ணுகிறாயா என்று எழுது.

அன்புடன்,
உன் பழைய தோழன்