காளைக் கெண்டியில் ஓட்டை ஏன்?

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். போன மாதம் கடையில் வைத்த திமில் காளைக் கெண்டிகளில் (காளை வடிவில் மூக்கு வைத்த நீர்க்கலங்கள்) நான்கு திரும்பி வந்துவிட்டன. திமிலுக்குப் பின்னால் ஊசித் துளை இருக்கிறதாம், உடைசல் என்று நினைத்துவிட்டார்கள். ஒருவர் எம்-சீல் வைத்து அடைத்துவிட்டு, "தண்ணீர் கொளக் கொளக்கென்று விட்டுவிட்டு வருகிறதே" என்று கொண்டுவந்தார். வராமல் என்ன செய்யும்? நீர் வெளியே வர, காற்று உள்ளே போக வேண்டுமே.

அந்தத் துளை நாங்கள் வேண்டுமென்றே போட்டது. காளையின் உடல் என்பது வேறொன்றுமில்லை, சக்கரத்தில் வனைந்து வாய் குவித்து மூடிய ஒரு பானை. அதைப் பக்கவாட்டில் படுக்கவைத்து, கழுத்து, திமில், கால்களைத் தனித்தனியாகச் செய்து ஒட்டுகிறோம். ஒட்டும் இடத்தைக் கீறி, குழைசேறு (நீரில் கரைத்த களிமண்) தடவ வேண்டும். ஒன்று ஈரமாகவும் ஒன்று காய்ந்தும் இருந்தால், சுருங்கும்போது கால் தனியாக வந்துவிடும். எந்தத் திறப்பும் இல்லாமல் சூளையில் வைத்தால் உள்ளே அடைபட்ட நீராவி வயிற்றைப் பிளந்துவிடும். அய்யனார் கோயில் மண்குதிரைகள் உள்ளே கூடாக இருப்பதும், அவற்றில் துளை விடுவதும் இதற்காகத்தான்.

இந்த வடிவம் எங்கள் கற்பனை இல்லை. ஈரானின் வடக்கே, காஸ்பியன் கடலுக்குத் தெற்கிலுள்ள மார்லிக்கில் 1961-62-இல் தோண்டியபோது கல்லறைகளில் கிடைத்த காளைக் கலங்கள்தான் இதன் மூதாதைகள். ஏறத்தாழ 3,000 ஆண்டுப் பழமை. கெண்டிக்கு மூக்கு என்கிறோம் அல்லவா, அங்கே காளையின் மூக்கேதான் கெண்டி மூக்கு! பழங்காலப் பெரு நாட்டு மோச்சே மக்களிடம் குயவர் சக்கரமே கிடையாது. இரண்டு பாதி அச்சுகளில் மண்ணை அழுத்தி, சேர்த்து ஒட்டி விலங்குக் கலங்கள் செய்தார்கள். நம் பக்கம் சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் கடப்பை மாவட்டத்துச் சங்கவரத்தின் ஆட்டுக்கடா வடிவ ஈமப்பேழை இருக்கிறது. பார்க்கலாம், ஆனால் அதை மாதிரி செய்து தரச் சொல்லாதீர்கள், இறந்தவர்களை அடக்கம் செய்த பெட்டி அது.

மினுமினுப்புக்குப் பெயிண்ட் அடிக்கவில்லை. பாதி காய்ந்த பதத்தில் கூழாங்கல்லால் தேய்த்தது.

அப்புறம், ஏற்காட்டிலிருந்து முன்பணம் கட்டியவர்கள் இன்னும் பத்து நாள் பொறுக்க வேண்டும். மழை ஈரத்தில் திமில் காய மறுக்கிறது. அடுப்பருகே வைத்தால் வெடிக்கும், அனுபவப்பட்டுவிட்டோம்.

பால், மோர் ஊற்றாதீர்கள். உள்ளே கைவிட்டுக் கழுவ வழியில்லை.

இப்படிக்கு,
மண்பாண்டக் கடை, செவ்வாய்ப்பேட்டை, சேலம்