நாய்க்குப் பேய் பிடிக்கவில்லை, மோட்டாரில் எர்த் இல்லை

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தீபாவளி நெருங்கினால் வெடிச் சத்தத்திலிருந்து வளர்ப்பு நாய்களைக் காப்பது எப்படி என்று உங்கள் நாளிதழில் ஒரு பெட்டிச் செய்தி வந்துவிடுகிறது. ஜன்னலைச் சாத்துங்கள், அந்த நேரத்தில் வெளியே அழைத்துப் போகாதீர்கள், பக்கத்தில் இருங்கள் என்று சொல்கிறீர்கள். நல்ல செய்திதான். ஆனால் 2018-இல் வந்த உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்குப் பிறகு தமிழகத்தில் தீபாவளிப் பட்டாசுக்குக் காலையில் ஒரு மணி நேரம், மாலையில் ஒரு மணி நேரம் என்றுதான் கணக்கு. (அதை யார் மதிக்கிறார்கள் என்பதற்குத் தனிக் கடிதம் எழுத வேண்டும்.) வெடியும் இல்லை, இடியும் இல்லை, நேற்றுவரை நன்றாக இருந்த நாய் ஒரு சாதாரணச் செவ்வாய்க்கிழமை சாயங்காலம் நடுநடுங்கிக் கட்டிலுக்கு அடியில் போய்ப் பதுங்குகிறது. அதற்கு என்ன செய்வது என்று எந்தப் பெட்டிச் செய்தியும் சொல்வதில்லை.

நான் கம்பத்தில் மோட்டாருக்குக் காயில் கட்டும் கடை வைத்திருப்பவன். நாய் விஷயத்தில் எனக்கு என்ன வேலை என்று கேட்பீர்கள். சொல்கிறேன்.

சென்ற மழைக்காலத்தில் சுருளிப்பட்டிப் பக்கம் ஒரு திராட்சை விவசாயி தன் வீட்டுக்கு அழைத்திருந்தார். அவர் வளர்ப்பது கோம்பை நாய். செவலை நிறம், கரி பூசியது போன்ற மூஞ்சி, காட்டுப்பன்றி எதிரே வந்தாலும் பின்வாங்காது என்று எங்கள் பக்கத்தில் பெயர் வாங்கிய இனம். அந்த நாய் சில நாட்களாகத் தண்ணீர்ச் சட்டியைக் கண்டாலே வாலைக் கால்களுக்கு இடையில் செருகிக்கொண்டு பின்னோக்கி நகர்ந்ததாம். வீட்டிலிருந்த பெரியம்மா, காற்றுக் கருப்பு அண்டிவிட்டது என்று பூசாரியிடம் மந்திரித்த கயிற்றை வாங்கி அதன் கழுத்தில் கட்டியிருந்தார். பக்கத்து வீட்டுக்காரர் அதற்கும் ஒரு படி மேலே போய், "தண்ணீரைக் கண்டு பயந்தால் வெறிநோய்தான். பிள்ளைகள் இருக்கிற வீடு, இன்றைக்கே அடித்துப் போட்டுவிடுங்கள்" என்று சொல்லிவிட்டார்.

இந்த ஒரு பேச்சால் எத்தனை நல்ல நாய்கள் செத்தனவோ தெரியவில்லை. தண்ணீரைக் கண்டு மிரள்வது வெறிநோய் கண்ட மனிதனிடம் தெரியும் அறிகுறி. வெறிநோய் வந்த நாய்க்குத் தொண்டை செயலிழந்து விழுங்க முடியாமல் போகும், எச்சில் ஒழுகும். தண்ணீரைப் பார்த்துப் பயந்து ஓடாது. அதற்காக அலட்சியமாக இருக்கலாம் என்று நான் சொல்லவில்லை. தடுப்பூசி போடாத நாயின் குணம் திடீரென்று மாறினால் யாரும் கிட்டே போகாமல் கால்நடை மருத்துவருக்குத் தகவல் சொல்ல வேண்டும். கடித்தாலோ பிறாண்டினாலோ, ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு அன்றைக்கே மருத்துவமனைக்குப் போய்த் தடுப்பூசி போட்டுக்கொள்ள வேண்டும்.

அந்த விவசாயி நிதானமானவர். நாயை அரசு கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோனார். மருத்துவர் முதலில் தடுப்பூசிப் புத்தகத்தைக் கேட்டு வாங்கிப் பார்த்தார். ஊசி தவறாமல் போடப்பட்டிருந்தது. காய்ச்சல் பார்த்தார், காதைப் பார்த்தார், பல்லைத் தட்டிப் பார்த்தார், முதுகை அழுத்திப் பார்த்தார். பிறகு கேட்டாராம்: "எந்நேரமும் பயப்படுகிறதா, ஏதாவது ஒரு நேரத்தில் மட்டுமா?" காலையில் குடிக்கிறது, சாயங்காலம்தான் ஓடுகிறது என்று வீட்டம்மா சொல்லியிருக்கிறார். "சாயங்காலம் அந்த இடத்தில் என்ன நடக்கும்?" "மோட்டார் போடுவோம் ஐயா." மருந்துச் சீட்டில் ஒன்றும் எழுதாமல், "முதலில் ஒரு எலக்ட்ரீசியனைக் கூப்பிட்டுப் பாருங்கள்" என்று அனுப்பிவிட்டார். இப்படிக் கேள்வி கேட்கத் தெரிந்த மருத்துவர் எங்கள் பக்கத்துக்கு இன்னும் நாலு பேர் வேண்டும்.

நான் போய்ப் பார்த்தேன். கொல்லைப்புறத்தில் தரைத்தொட்டி, அதன்மேல் அரை எச்.பி. மோட்டார். அதிலிருந்து மாடித் தொட்டிக்கு ஏறும் இரும்புக் குழாயை ஒட்டியே நாயின் அலுமினியச் சட்டி. மழை பெய்து தரை முழுக்க ஈரம். மோட்டார் ஓடாதபோது டெஸ்டரை வைத்தால் ஒன்றும் இல்லை. சுவிட்சைப் போடச் சொல்லிவிட்டுச் சட்டியின் விளிம்பில் வைத்தேன். டெஸ்டருக்குள் மங்கலாக ஆரஞ்சு வெளிச்சம் எரிந்தது. மெயினை அணைத்து மோட்டாரைக் கழற்றினேன். ஈரம் ஏறி இன்சுலேஷன் கெட்ட காயில். இன்சுலேஷனைச் சோதிக்கும் மெக்கர் கருவியை வைத்துப் பார்த்தபோது மோட்டாரின் வெளிக்கூட்டுக்கு மின்கசிவு. கசிவை மண்ணுக்குள் இறக்க வேண்டிய எர்த் கம்பியோ போல்ட்டில் பச்சையாகக் களிம்பு பிடித்து, கையில் எடுத்ததும் பொடிந்துவிட்டது. கசிந்த மின்சாரம் மண்ணுக்குப் போக வேறு வழியில்லாமல் குழாயில் ஏறி, சட்டியில் இறங்கி, தண்ணீரைத் தொடும் நாக்குக்காகக் காத்திருந்தது.

வீட்டில் வேறு யாருக்கும் இது ஏன் தெரியவில்லை? சுவிட்ச் அடுக்களைக்குள் இருக்கிறது. கொல்லைக்குப் போகிறவர்கள் ரப்பர்ச் செருப்புப் போட்டுக்கொள்கிறார்கள். ஈரத் தரையில் நாலு காலையும் வெறுமனே ஊன்றி, ஈர நாக்கால் சட்டியைத் தொடுகிறவன் அந்த வீட்டில் நாய் ஒருவன்தான். மழைக்காலத்தில் தெருவிளக்குக் கம்பத்தடியில் நாயும் மாடும் சுருண்டு விழுவதும் இதே கணக்குத்தான். அந்தக் கொல்லையில் ஒரு குழந்தை வெறுங்காலோடு போய்க் குழாயைப் பிடித்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நான் விவசாயியிடம் வாய்விட்டுச் சொல்லவில்லை. அவருக்கே முகம் மாறிவிட்டது.

எர்த் போட்டு, காயில் மாற்றி, மோட்டாரைச் சரிசெய்து கொடுத்த பிறகும் நாய் உடனே தேறவில்லை. அதற்குள் அதன் பயம் சட்டியிலிருந்து மோட்டார் சத்தத்துக்கும், மோட்டார் சத்தத்திலிருந்து அடுக்களை சுவிட்சின் 'டக்' ஒலிக்கும் தாவியிருந்தது. வீட்டம்மா அடுக்களைப் பக்கம் திரும்பினாலே நாய் எழுந்துவிடுமாம். இதைப் பார்த்தால் யாருக்கும் பேய் என்றுதான் தோன்றும். இந்தச் சங்கிலியின் முதல் கண்ணி எங்கே என்று தெரியாதவரை அப்படித்தான் தோன்றும். மருத்துவர் சொன்னபடி வேறு மூலையில் மண் தொட்டி வைத்து, முதலில் தூரத்தில் சோறு போட்டு, கட்டாயப்படுத்தாமல் மெல்ல மெல்லக் கிட்டே கொண்டுவந்தார்கள். சட்டியிடம் இழுத்துப்போய் மூஞ்சியை அமுக்கினால் தெளிந்துவிடும் என்று சொன்னவர்களும் உண்டு. அப்படிச் செய்தால் கடிதான் வாங்க வேண்டும்.

இதற்குப் பிறகு இது சம்பந்தமாகக் கையில் கிடைத்ததையெல்லாம் படித்தேன். மனிதக் காது 20,000 ஹெர்ட்ஸ் வரை கேட்கும். நாயின் காது 40,000-க்கும் மேலே கேட்கும். எலி விரட்ட என்று சுவரில் செருகும் கருவி எழுப்பும் ஒலி நமக்குக் கேட்காது, நாய்க்குக் கேட்கும். எலி ஓடியதா என்பது வேறு விஷயம், என் கடையில் ஓடவில்லை. இன்வெர்ட்டர் பேட்டரி தீரும்போது விட்டு விட்டு வரும் 'பீப்' நமக்கு எரிச்சல். சில நாய்களுக்கு அது தாங்காது. அமெரிக்காவில் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தார் 2021-இல் வெளியிட்ட ஆய்வு, மிக்சி போலத் தொடர்ந்து இரையும் சத்தத்தைவிடப் புகை எச்சரிக்கைக் கருவியின் பேட்டரி ஒலி போல விட்டு விட்டு வரும் கீச்சொலிக்கே நாய்கள் அதிகம் கலங்குகின்றன என்கிறது. நாய் மூச்சிரைப்பதும், உதட்டை நக்குவதும், முகத்தைத் திருப்பிக்கொள்வதும் பயத்தின் அறிகுறி என்று வளர்ப்பவர்களுக்கே பல நேரம் தெரிவதில்லை என்றும் அதே ஆய்வு சொல்கிறது. நாய் கொட்டாவி விட்டால் தூக்கம் வருகிறது என்று நாம் நினைத்துக்கொள்கிறோம்.

வீட்டில் ஒன்றும் அகப்படவில்லையானால் நாயின் உடம்பைப் பார்க்க வேண்டும். 2018-இல் பிரிட்டனின் லிங்கன் பல்கலைக்கழகத்தாரும் பிரேசில் ஆய்வாளர்களும் சத்தத்துக்குப் பயப்படும் 20 நாய்களின் விவரங்களை ஒப்பிட்டார்கள். 10 நாய்களுக்கு மூட்டு, தசை வலி இருந்தது. மற்ற 10-க்கு இல்லை. வலி இருந்தவற்றுக்குப் பயம் தொடங்கிய வயது சராசரியாக ஏறக்குறைய நாலு ஆண்டு தள்ளி இருந்தது. சத்தத்தில் திடுக்கிடும்போது உடம்பு விறைக்கிறது, மூட்டில் சுரீர் என்கிறது. அடுத்த முறை அந்தச் சத்தமே வலியாகிவிடுகிறது. எட்டு வயதுவரை இடிக்கும் அசையாத நாய் ஒன்பதாவது வயதில் நடுங்கினால் அதன் இடுப்பைத்தான் முதலில் பார்க்க வேண்டும். காதில் சீழ், கண்ணில் புரை, வயதான நாய்க்கு வரும் மூளைத் தளர்ச்சி ஆகியவையும் இப்படித்தான் தலைகாட்டும்.

மருந்துக் கடையில் மனிதருக்கு விற்கும் வலி மாத்திரையையோ தூக்க மாத்திரையையோ வாங்கிச் சோற்றில் பிசைந்து வைப்பவர்களை நானே பார்த்திருக்கிறேன். தயவுசெய்து வேண்டாம். இபுப்ரோஃபென் நாயின் வயிற்றையும் சிறுநீரகத்தையும் கெடுத்துவிடும். மயக்க மருந்திலும் ஒருவகை உடம்பைத் தள்ளாட வைக்குமே தவிர உள்ளே இருக்கும் பயத்தைத் தொடாது. எதைக் கொடுப்பது என்பது மருத்துவர் வேலை. பயந்த நாயைத் தடவிக் கொடுத்தால் பயம் வளரும் என்பதும் பழைய பேச்சு. தானாக வந்து ஒண்டினால் தாராளமாகத் தடவிக் கொடுக்கலாம்.

ஆசிரியர் வழியாகக் கால்நடைப் பராமரிப்புத் துறைக்கு ஒரு வேண்டுகோள். ஒவ்வொரு கால்நடை மருத்துவமனைச் சுவரிலும் ஒரு பலகை வையுங்கள்: நாய் திடீரென்று பயந்தால் எந்த நேரம், எந்த இடம், அப்போது வீட்டில் என்ன ஓடிக்கொண்டிருந்தது என்று குறித்துக்கொண்டு வாருங்கள் என்று. முடிந்தால் கைபேசியில் ஒரு வீடியோவும் எடுத்துவரச் சொல்லுங்கள்; மருத்துவரைக் கண்டதும் நாய் வேறு விதமாகப் பயந்துகொள்ளும்.

வாசகர்களுக்கு என் தொழில் சார்பாக ஒன்று. 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே மின்சாரத்தைத் துண்டித்துவிடும் ஆர்.சி.டி. கருவியை மெயினில் பொருத்துங்கள். பொருத்தியவர்கள் அதிலுள்ள 'டெஸ்ட்' பொத்தானை அவ்வப்போது அழுத்தி, மின்சாரம் துண்டிக்கப்படுகிறதா என்று பாருங்கள். ஐப்பசி மழை பிடிப்பதற்குள் மோட்டார், வாஷிங் மெஷின், பிரிட்ஜ் மூன்றுக்கும் எர்த் இருக்கிறதா என்று தெரிந்த வயர்மேனை வைத்துச் சோதித்துவிடுங்கள். நாய் இல்லாத வீட்டுக்காரர்கள் இன்னும் சீக்கிரம் செய்யுங்கள். உங்களுக்கு முன்கூட்டிச் சொல்ல ஆளில்லை.

இப்படிக்கு,
மோட்டார் காயில் கட்டும் ஒரு வாசகர்,
கம்பம், தேனி மாவட்டம்.