பழைய இயந்திரமும் புதிய பெயின்ட்டும்

ஆசிரியருக்கு,

தானியங்கி கார் கழுவும் இயந்திரங்களைப் பழுதுபார்ப்பது என் பிழைப்பு. பழையது ஒன்று மலிவாகக் கிடைக்கிறது, வாங்கலாமா என்று கேட்பவர்கள் பெரும்பாலும் புகைப்படத்தைத்தான் நீட்டுகிறார்கள். நேற்று பெயின்ட் அடித்த சட்டத்தைப் பார்த்து நான் என்ன சொல்வது?

உயர் அழுத்த பம்பின் எண்ணெயைப் பாருங்கள். அது வெளுத்துப் பால்போல் இருந்தால், சீல் தேய்ந்து உள்ளே தண்ணீர் புகுந்திருக்கிறது. சட்டத்தின் கால்களில் போல்ட் இறங்கும் இடத்தை ஸ்க்ரூடிரைவரால் குத்திப் பாருங்கள். ஈரமும் ரசாயனமும் தேங்கி அரிப்பது அங்கேதான். தூரிகை தேய்ந்திருந்தால் போகட்டும், எப்படியும் மாற்ற வேண்டியதுதான்.

பெரிய தலைவலி கட்டுப்பாட்டுப் பெட்டி. அதற்குள் இருந்து இயந்திரத்தை இயக்கும் சிறு கணினியான பி.எல்.சி.யின் நிரலுக்குப் பிரதி இல்லை, கடவுச்சொல்லும் விற்பவருக்குத் தெரியாது என்றால், அந்தப் பெட்டி பழுதாகும் நாளில் இயந்திரமே முடங்கிவிடும். உதிரிபாகம் இன்னும் கிடைக்கிறதா என்பதையும் தயாரிப்பாளரிடமே கேளுங்கள்; விற்பவர் 'கிடைக்கும்' என்றுதான் சொல்வார்.

கழற்றி அடுக்கிவைத்த இயந்திரத்தை என் மைத்துனர் கேட்டாலும் வேண்டாம் என்பேன். தொடர்ந்து சில கார்களைக் கழுவிக் காட்டச் சொல்லுங்கள். பிறகு, ஒவ்வொரு வயருக்கும் எண் ஒட்டிய பின்பே கழற்றவிடுங்கள்.

உங்கள் விளம்பரப் பக்கத்தில் 'நல்ல நிலையில்' என்று மட்டும் போடாமல், மாடல், தயாரிப்பு ஆண்டு, மின் இணைப்பு வகை ஆகியவற்றையும் கேட்டு வாங்கிப் போட்டால் நல்லது.

இப்படிக்கு,
ஒரு பழுதுபார்ப்பவர்