ஐ.டி.ஐ. மாணவர்களுக்கான பட்டறைப் பயிற்சி: செயலாளரின் ஆண்டறிக்கை, 2024-25

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும், செயற்குழுவினருக்கும், பொதுக்குழுவுக்கு வந்திருக்கும் உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

அம்பத்தூர் தொழிற்பேட்டையிலும் அதைச் சுற்றியும் சிறு பட்டறைகள் நடத்திவரும் நம் சங்கம், ஐ.டி.ஐ. (தொழிற்பயிற்சி நிலைய) மாணவர்களைப் பட்டறைக்கு அழைத்து வேலை பழக்குவதையே இவ்வாண்டின் முதன்மைப் பணியாக மேற்கொண்டது. ஆகவே இவ்வறிக்கையின் பெரும்பகுதி அதைப் பற்றியதே. ஆயுத பூஜையும் உறுப்பினர் சேர்க்கையும் வழக்கம்போல் நடைபெற்றன. வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் வாசிப்பார்.

தமிழக அரசு டாடா டெக்னாலஜிஸ் நிறுவனத்துடன் இணைந்து 71 அரசு ஐ.டி.ஐ.க்களை ஏறத்தாழ 2,877 கோடி ரூபாய் மதிப்பில் கணினியும் தானியங்கி எந்திரங்களும் இணைந்த தொழில் 4.0 தரத்துக்கு உயர்த்த முன்வந்தது. அரமும் பழைய லேத்தும் பிடித்துப் பழகிய இடத்தில் இன்று கணினிக் கட்டுப்பாட்டில் இயங்கும் சி.என்.சி. எந்திரமும் ரோபோவும் வந்திருப்பது மனநிறைவு தருகிறது. ஆயினும், வாடிக்கையாளர் கேட்ட அளவுக்குள், சொன்ன தேதிக்குள், ஒரே ஜாபை (எந்திரத்தில் கடைந்து செய்யும் உருப்படியை) பிசகாமல் தொடர்ந்து எடுத்துக் கொடுக்கும் பக்குவம் உற்பத்தி நடக்கும் இடத்தில்தான் வரும் என்பது நம் அனைவரின் அனுபவம்.

நம் உறுப்பினர் ஒருவரின் பட்டறையில் நடந்ததைச் சொல்ல விரும்புகிறேன். 50 மி.மீ. விட்டமுள்ள அலுமினிய ஜாபை ஒரு மாணவி எந்திரத்தில் அதைப் பிடித்திருக்கும் சக்கிலிருந்து கழற்றிய கையோடு மைக்ரோமீட்டரில் அளந்தார். 0.02 மி.மீ. கூடுதலாகக் காட்டவே, வெட்டும் கருவியின் இடத்தைத் திருத்தும் அளவான ஆப்செட்டைக் குறைக்கப் போனார். போர்மேன் தடுத்து, “சூடா இருக்கும்மா, ஆறட்டும். அப்புறம் அளந்து பாரு” என்றார். ஆறிய பின் அளவு சரியாக இருந்தது. அலுமினியம் 20 டிகிரி சூடேறினால் அந்த விட்டத்தில் ஏறக்குறைய அவ்வளவு விரியும். சூட்டில் அளந்ததை நம்பி ஆப்செட்டை மாற்றியிருந்தால், பின்னால் வரும் ஜாப்கள் அளவு குறைந்து ரிஜெக்ட் ஆகியிருக்கும். உலோகம் சூட்டில் விரியும் என்பதை அந்த மாணவி பாடத்தில் படித்தவர்தாம். படித்ததைக் கையிலுள்ள ஜாபோடு பொருத்திப் பார்க்க அன்று போர்மேன் பக்கத்தில் இருந்தார்.

எல்லாப் பட்டறைகளிலும் இப்படி நடக்கவில்லை என்பதையும் வருத்தத்துடன் பதிவு செய்கிறேன். ஓரிடத்தில் மாணவர்கள் வாரக்கணக்கில் ஜாப்களின் ஓரப் பிசிறு எடுக்கவும் பெட்டி கட்டவும் மட்டுமே நிறுத்தப்பட்டனர். செயற்குழு அவர்களை வேறு பட்டறைக்கு மாற்றியது. 1961ஆம் ஆண்டின் தொழிற்பழகுநர் சட்டம் பழகுநரைத் தொழிலாளராக அல்லாமல் பயிற்சி பெறுபவராகவே கருதுகிறது. பயிற்சி அளிக்கும் கடமையை உரிமையாளர் மீதே வைக்கிறது. குறைந்த கூலிக்குக் கிடைத்த ஆளாக ஒரு மாணவரை நடத்துவது சட்டத்துக்கும் முரண், நம் தொழிலுக்கும் கேடு.

30 பேரோ அதற்கு மேற்பட்டோரோ பணிபுரியும் நிறுவனங்கள் தங்கள் ஆள்பலத்தில் 2.5 முதல் 15 சதவீதம் வரை பழகுநர்களைச் சேர்க்க வேண்டும் என்பது விதி. 4 முதல் 29 பேர் வரை உள்ள நம் போன்ற பட்டறைகளுக்கு அது விருப்பத்தைப் பொறுத்தது. தேசியத் தொழிற்பழகுநர் ஊக்குவிப்புத் திட்டத்தில், பழகுநருக்குத் தரும் உதவித்தொகையில் 25 சதவீதத்தை, மாதம் 1,500 ரூபாய் வரை, ஒன்றிய அரசு ஏற்கிறது. இணையப் பதிவு சிரமம் என்று தயங்கும் உறுப்பினர்களுக்குச் சங்க அலுவலகமே பதிவு செய்து கொடுக்கும்.

மாணவிகளைச் சேர்க்க விரும்பும் பட்டறைகள் தனிக் கழிப்பறையும், மாலை ஷிப்ட் முடிந்து பேருந்து நிறுத்தம் வரை துணையும் முதலில் உறுதி செய்ய வேண்டும்.

வரும் ஆண்டில் மாணவர்களை ஏற்கும் ஒவ்வொரு பட்டறையும், கற்றுக்கொடுக்கும் பொறுப்பை ஒரு போர்மேனின் பெயரில் எழுதித் தர வேண்டும். அதற்குச் செலவாகும் நேரத்தை அவருடைய உற்பத்திக் கணக்கில் குறைவாகக் காட்டக் கூடாது. மாணவர் அன்றன்று செய்த வேலையைக் குறிப்பேட்டில் எழுதி, ஐ.டி.ஐ. பயிற்றுநர் நேரில் வந்து பார்த்துக் கையெழுத்திட வேண்டும். இம்மூன்றையும் தீர்மானமாக முன்வைத்து, பொதுக்குழுவின் ஒப்புதலைக் கோருகிறேன்.

இப்படிக்கு,
செயலாளர்