நிலத்து ஆமைக்கு மீன்தொட்டி வேண்டாம்

மதிப்புக்குரிய ஆசிரியருக்கு,

எங்கள் வெள்ளவத்தைத் தொடர்மாடியில் கீழ்வீட்டுப் பிள்ளைக்குப் பிறந்தநாள் பரிசாக ஒரு சின்ன ஆமை வந்தது. வால் நுனியில் நகம் போல ஒரு கூர். பார்த்ததுமே ஹெர்மன் ஆமை என்று தெரிந்தது, ஏனென்றால் நான் 12 வருடம் இத்தாலியில், பலேர்மோவில் இருந்தவன், வாடகை வீட்டுத் தோட்டத்தில் இதே ஆமைகள் நான்கு திரியும். இங்கே அதை மீன்தொட்டியில், தண்ணீரில் விட்டிருந்தார்கள். விற்றவர் நீந்தும் என்றாராம், வாழைப்பழம் கொடுக்கவும் சொன்னாராம்.

அது நீந்தாது. நிலத்து ஆமை, ஆழமான தண்ணீரில் மூழ்கிச் செத்துவிடும். மத்தியதரைக் கடலோரத்துக் காய்ந்த புதர்களில் நார் கூடிய களை இலைகளை மேய்ந்து வாழ்கிற உயிர், பழத்துச் சர்க்கரை அதன் குடலைக் கெடுக்கும். வெயிலும் நேராக மேலே பட வேண்டும். ஓடு உயிருள்ள எலும்பு, அது உறுதியாக வளர விட்டமின் டி வேண்டும், அதற்குத் தேவையான புறஊதாக் கதிரை ஜன்னல் கண்ணாடி தடுத்துவிடும். ஜன்னலோரத் தொட்டியில் கிடைப்பது சூடு மட்டும்தான்.

பலேர்மோவில் குளிர் தொடங்கினால் அந்த ஆமைகள் மண்ணுக்குள் இறங்கி உறங்கிவிடும். முதல் வருடம் காணோம் என்று நான் தோண்டப் போக, வீட்டுக்கார அம்மா ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டார், மாசி முடியட்டும், தானே வரும் என்றார், வந்தது. அந்த உறக்கத்துக்கு 5 பாகை அளவில் குளிர் வேண்டும், கொழும்பில் மார்கழி இரவிலும் 20 பாகைக்குக் கீழே இறங்குவது அரிது. பிள்ளையின் அப்பா வீடியோ பார்த்துவிட்டு ஃபிரிட்ஜில் வைக்கலாமா என்று கேட்டார். ஐரோப்பாவில் பழகியவர்கள் வைப்பதுண்டு, உண்மை. ஆனால் அதற்கு முன் சாப்பாட்டை நிறுத்திக் குடல் காலியாகும்வரை காத்திருப்பார்கள், எடை பார்ப்பார்கள், உள்ளே வைத்த பிறகும் கதவைத் திறந்து காற்று விடுவார்கள். நோயுள்ள ஆமை அப்படி உறங்கப் போனால் எழும்பாமலே போகலாம்.

அதே வீடியோவைப் பார்த்து நம் ஊர் நட்சத்திர ஆமைக்கும் யாராவது இதைச் செய்துவிடுவார்களோ என்று பயமாக இருக்கிறது. அது வறண்ட வலயத்து ஆமை, அதற்குக் குளிர் உறக்கமே கிடையாது. சட்டப் பாதுகாப்பும் உண்டு, பிடித்து வளர்க்கக் கூடாது.

50 வருடத்துக்கு மேலும் வாழக்கூடிய உயிரைத் தயவுசெய்து பிறந்தநாளுக்கு வாங்காதீர்கள். ஏற்கெனவே வாங்கியவர்கள் இன்றே தொட்டியிலிருந்து வெளியே எடுங்கள். உங்கள் சிறுவர் பக்கத்தில் ஒரு மிருக வைத்தியரைக் கொண்டு இதை எழுதுவித்தால் பெரிய உதவி. கீழ்வீட்டு ஆமை இப்போது பல்கனியில், காய்ந்த மண் போட்ட பெரிய பெட்டியில் இருக்கிறது, வெயிலும் நிழலும் உண்டு. நேற்று செவ்வரத்தம்பூ தின்றது.

இப்படிக்கு,
வெள்ளவத்தை வாசகர்