விருந்தினர் வரும் நாளில் மணி

அன்புள்ள அம்மாவுக்கு,

நலம், நலமறிய ஆவல். பண்டிகைக்கு வீடு நிறைய உறவினர்கள் வருகிறார்கள் என்றும், சென்ற முறை வெடிச்சத்தத்துக்குப் பயந்து கட்டிலுக்கடியில் புகுந்த நம் நாய் மணி மறுநாள் வரை தண்ணீர்கூடக் குடிக்கவில்லை என்றும் எழுதியிருந்தீர்கள். படித்ததிலிருந்து அவன் நினைவாகவே இருக்கிறது.

இங்கு வந்த முதல் ஆண்டு நடந்த ஒன்றை, நீங்கள் வருந்துவீர்கள் என்று எழுதாமலே இருந்துவிட்டேன். விடுமுறை நாளில் உடன் வேலை செய்பவர்களை விருந்துக்கு அழைத்திருந்தேன். ஒருவர் பின் ஒருவராக வந்ததால் வாசற்கதவு ஓயாமல் திறந்து மூடிக்கொண்டிருந்தது; வெளியே முதல் வாணம் வெடித்த நொடியில் எங்கள் நாய் கருப்பி யாருடைய கால்களுக்கிடையிலோ நுழைந்து ஓடிவிட்டாள். விடிய விடியத் தேடினோம். காலையில் கால்நடை மருத்துவமனைகளை ஒவ்வொன்றாக அழைத்தபோது, மூன்றாவது இடத்தில் ஒரு கறுப்பு நாயை யாரோ கொண்டுவந்து விட்டிருப்பதாகச் சொன்னார்கள். பாதங்கள் தேய்ந்து ரத்தம் கசிய, வாலை வயிற்றோடு ஒட்டிக்கொண்டு மூலையில் நடுங்கிக்கொண்டிருந்தாள். மருத்துவர் ஒரு சிறு கருவியை அவள் பிடரிமேல் நகர்த்தியதும் திரையில் 15 இலக்க எண் தெரிந்தது. தோலுக்கடியில் அரிசி மணி அளவில் பொருத்தப்பட்டிருக்கும் மைக்ரோசிப்பில் இருப்பது அந்த எண் மட்டுமே. நாய் எங்கே திரிகிறது என்பதை அது காட்டாது, பதிவேட்டில் நம் தொலைபேசி எண் சரியாக இருந்தால்தான் அதனால் பயன். அங்கிருந்ததோ நான் எப்போதோ கைவிட்ட பழைய எண். அன்றே திருத்தினேன்.

மனிதக் காது நொடிக்குச் சுமார் 20,000 அதிர்வுகள் (ஹெர்ட்ஸ்) கொண்ட ஒலி வரையே கேட்கும். நாயின் காது 45,000 வரை கேட்கும். நமக்குத் தூரத்துச் சத்தமாகத் தோன்றுவதும் அவற்றுக்கு அருகில் வெடிப்பது போலிருக்கலாம். அதனால் இப்போதெல்லாம் ஒரு வாரம் முன்பே உள்ளறையில் என் பழைய சட்டையை விரித்துக் கருப்பியை அங்கே படுக்கப் பழக்குகிறேன்; அன்றைக்கு மட்டும் அடைத்தால் அவளுக்கு அது தண்டனையாகத் தோன்றிவிடும். இருட்டுவதற்கு முன்பே வெளியே நடத்திக் கூட்டிவந்து, திரையை இழுத்துவிட்டு, வானொலியை மெல்ல ஒலிக்கவிட்டுக் கதவைச் சாத்துகிறேன். நடுங்கும் நாயைத் தடவிக் கொடுத்தால் பயம் அதிகமாகும் என்பார்கள். அது உண்மையல்ல, நீங்கள் தாராளமாக மணியின் பக்கத்தில் உட்காரலாம். பயம் மிகுதியாக இருந்தால் மருத்துவரிடம் முன்கூட்டியே மருந்து கேட்டு வாங்குங்கள், நம் மாத்திரை எதையும் கொடுக்கவேண்டாம். சங்கிலியில் மட்டும் கட்டாதீர்கள். மிரண்டு இழுத்துக் கழுத்து இறுகிவிடும்.

உணவு விஷயத்தில் விருந்தினரைவிடக் குழந்தைகளைத்தான் கவனிக்க வேண்டியிருக்கிறது, ஏனெனில் அவர்கள் பாசத்தால் கொடுக்கிறார்கள். சாக்லேட்டிலுள்ள தியோபுரோமின் என்ற வேதிப்பொருள் நாயின் உடலிலிருந்து மெதுவாகவே வெளியேறுவதால் இதயம் தாறுமாறாகத் துடிக்கும். திராட்சையும் உலர்திராட்சையும் சிறிதளவே சிறுநீரகத்தைச் செயலிழக்கச் செய்யக்கூடும். வெங்காயமும் பூண்டும் சிவப்பணுக்களை அழிக்கும். வெந்த எலும்பு சில்லுகளாக உடைந்து குடலைக் கிழிக்கும். 'கொடுக்காதே' என்று மட்டும் சொன்னால் குழந்தைகள் கேட்பதில்லை. மணி வழக்கமாகத் தின்பதை ஒரு கிண்ணத்தில் போட்டு, இதிலிருந்து மட்டும் கொடுங்கள் என்று அவர்கள் கையிலேயே ஒப்படைத்துவிடுங்கள். தவறி எதையாவது தின்றுவிட்டால் உப்புத் தண்ணீர் ஊற்றி வாந்தி எடுக்கவைக்க முயலாமல், தின்றது என்ன, எவ்வளவு என்று குறித்துக்கொண்டு உடனே மருத்துவரை அழையுங்கள்.

தங்கையிடம் அவள் பூனையைப் பற்றியும் சொல்லுங்கள். அலங்கார ரிப்பனை விழுங்கினால் குடல் சுருண்டு கிழியும்; வாயிலோ பின்புறத்திலோ நுனி தெரிந்தாலும் இழுக்கக்கூடாது. லில்லிப் பூங்கொத்து யார் கொண்டுவந்தாலும் வீட்டுக்குள் வைக்கவேண்டாம். உடம்பில் ஒட்டிய மகரந்தத்தை நக்கினாலோ பூச்சாடித் தண்ணீரைக் குடித்தாலோகூடப் பூனையின் சிறுநீரகம் கெட்டுவிடும்.

மறுநாள் காலை வாசலில் கிடக்கும் வெடித்த துண்டுகளைக் கூட்டி அள்ளிய பிறகே மணியை வெளியே விடுங்கள். அவன் கழுத்துப்பட்டையில் தொலைபேசி எண் பொறித்த தகடு ஒன்றை இந்த வாரமே மாட்டிவிடச் சொல்லுங்கள். தம்பியின் எண்ணைக் கொடுங்கள். எந்நேரம் அழைத்தாலும் அவன் எடுப்பான்.

அன்புடன்,
உங்கள் மகள்