செடி வளர்ப்போர் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, நிர்வாகக் குழுவினரே, உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம்.

மாதக் கூட்டங்களில் இரண்டு தவறிவிட்டன. அழைப்பை நான் தாமதமாக அனுப்பியதே காரணம், பொறுத்தருள்க. வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். மற்றபடி இந்த ஆண்டு முழுவதும் ஒரே கேள்வி நம்மைப் பிடித்துக்கொண்டது: நோயே இல்லாத இலைக்குள் பூஞ்சை இருக்குமா?

காயாக இருந்தபோது மாசுமருவில்லாத மாங்காய், பழுத்ததும் கரும்புள்ளி விடுவதேன் என்று ஓர் உறுப்பினர் கேட்டதில் தொடங்கியது. ஆந்த்ராக்னோஸ் என்ற இந்தக் கரும்புள்ளி நோயைத் தரும் கொலிடோட்ரைக்கம் என்ற பூஞ்சை பிஞ்சிலேயே தோலில் இடம்பிடித்துவிடும். காய்த் தோலில் பூஞ்சையை அடக்கும் பொருள்கள் இருக்கும்வரை அது உறங்கும். பழுக்கையில் அவை குறைய, விழித்துக்கொள்ளும்.

நம்பாதவர்கள் இருந்தார்கள், நானும்தான். எனவே நல்ல இலைகளை 70 சதவீத ஆல்கஹாலிலும் பிறகு ப்ளீச்சிங் கரைசலிலும் நனைத்து, கிருமி நீக்கிய நீரில் அலசி, துண்டுகளாக்கி, பூஞ்சை வளர்க்கும் உருளைக்கிழங்கு அகர் கூழ்த் தட்டில் வைத்தோம். சில நாளில் வெட்டு விளிம்புகளிலிருந்து வெள்ளை இழைகள் கிளம்பின. கைதட்டல் ஓய்வதற்குள் கடைசி வரிசையிலிருந்து ஒரு குரல்: "கடைசியாக அலசிய தண்ணீரைத் தனித் தட்டில் ஊற்றிப் பார்த்தீர்களா?" பார்க்கவில்லை. அப்படியானால் அது இலைக்குள் இருந்ததா, மேலே ஒட்டியிருந்ததா என்று சொல்ல வழியில்லை. எல்லாத் தட்டுகளையும் கழித்துவிட்டு மறுபடி செய்தோம். இம்முறை தண்ணீர்த் தட்டு சுத்தம். இலைத் தட்டுகளில் பூஞ்சை. அப்படியானால் அது இலைக்குள் இருந்ததுதான். அது எந்த இனம் என்று தெரியவில்லை. வித்து உண்டாக்காத வெள்ளை இழையைக் கண்ணால் பார்த்துப் பெயர் வைக்க முடியாது.

உள்வாழ் பூஞ்சைகளுக்கு எண்டோஃபைட் என்ற பெயரை 1866-இல் ஜெர்மானியத் தாவரவியலாளர் ஆன்டன் டி பாரி வழங்கினார். இவை நண்பர்களா, எதிரிகளா என்று நம்மிடையே நடந்த வாக்குவாதம் இரண்டு கூட்டங்களைத் தின்றது. என் கருத்து, கேள்வியே சரியில்லை; ஒரே பூஞ்சை இரண்டுமாக இருக்கலாம். 1993-இல் வெளியான ஆய்வொன்றில், வெள்ளரி, தர்பூசணிக் குடும்பத்தைத் தாக்கும் கொலிடோட்ரைக்கத்தில் ஒரே ஒரு மரபணு மாறியது. அது செடிக்குள் தீங்கின்றி வளர்ந்ததோடு, மாறாத தன் இனத்திடமிருந்தே செடியைக் காத்தது. 2006-இல் இதற்கு நேர்மாறு: ரைகிராஸ் புல்லுக்குள் அடக்கமாக வாழும் எபிக்லோயி என்ற பூஞ்சையில் ஒரு மரபணுவைச் செயலிழக்கச் செய்ததும், பூஞ்சை கட்டுமீறிப் பெருகிப் புல்லைக் குன்றச் செய்தது. மரபணு மாறாமலேயும் நிலைமை மாறலாம். பைன் மரத்துக்குள் சத்தமின்றி இருக்கும் டிப்ளோடியா என்ற பூஞ்சை, வறட்சியில் மரம் தளர்ந்ததும் நுனிகளைக் கருகச் செய்கிறது.

ஆகவே நம் கையேட்டில் இருந்த "பூஞ்சை கண்டால் உடனே மருந்தடி" என்ற வரியை நீக்கப் பெரும்பான்மையோர் தீர்மானித்தனர். எதிர்த்தவர்களின் கருத்தும் பதிவேட்டில் இருக்கிறது. அறிகுறி பரவும்போது தாமதிக்கக் கூடாது என்பதில் அவர்கள் சொல்வது சரியே.

அடுத்த சுற்றுக்கு இலை கொண்டுவருவோர் பறித்த தேதியை எழுதி, ஒரே நாளுக்குள் தரவும். வாடிய இலைகளை ஏற்பதற்கில்லை.

இப்படிக்கு,
செயலாளர்